மூன்றாம் பக்கத்து வரி: இதய டாக்டர்களுக்கும் ரத்தநாள டாக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

இதய நோய் மருத்துவர்களுக்கும், இதய அறுவை மருத்துவர்களுக்கும், ரத்தநாள அறுவை மருத்துவர்களுக்கும், அவர்களுடன் நின்று மயக்க மருந்து தருபவர்களுக்கும், ஸ்கேன் அறிக்கை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. நீரேற்று நிலையங்களில் பம்ப், வால்வு, குழாய் என்று முப்பது வருடம் வேலை பார்த்தவன். என் அப்பாவுக்கு 81 வயது. பதினைந்து மாதங்களுக்கு முன்பு அவருடைய இதய வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சிகிச்சைக்குத் தயார் செய்வதற்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி 5.8 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருப்பதும் தெரிந்தது.

தெரிந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், 'தற்செயலாகக் காணப்பட்டவை' என்ற தலைப்பின் கீழ், பித்தப்பைக் கல்லுக்கும் இடது சிறுநீரகத்தில் இருந்த ஒரு நீர்க்கட்டிக்கும் நடுவில் அந்த வரி இருந்தது. ஃபைலைப் புரட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்த என் கண்ணில்தான் அது முதலில் பட்டது. 5.8 என்பது பெரிய எண்ணா சின்ன எண்ணா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. அளவு போட்டு எழுதியிருக்கிறார்களே, கேட்டுவைப்போம் என்றுதான் கேட்டேன்.

இதய டாக்டர் நல்லவர். டாவி என்றால் என்ன, நெஞ்சைப் பிளக்காமல் தொடை வழியாக எப்படிப் புது வால்வைக் கொண்டுபோய் வைப்பார்கள் என்று காகிதத்தில் வரைந்து காட்டியவர். அந்த வரியைக் காட்டியபோது, "அது வேறு துறை. முதலில் வால்வு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருந்த ரத்தநாள டாக்டரிடம் போனோம். அவர் படங்களைப் பார்த்துவிட்டு, "இது காத்திருக்கிற அளவு இல்லை. ஆனால் இந்த வால்வை வைத்துக்கொண்டு இவருக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது. வால்வை முடித்துவிட்டு வாருங்கள்" என்றார். மறுபடி மேலே போனோம். வால்வு முடிந்தபிறகு எத்தனை நாளில் அடுத்தது என்று கேட்டோம். அது கீழே இருப்பவர் சொல்ல வேண்டியது என்றார்கள். கீழே கேட்டால், வால்வு எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தது என்றார்கள்.

ஏழு வாரம் இப்படி லிஃப்ட்டில் ஏறி இறங்கினோம். யார் சொன்னதும் தப்பில்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் இதைக் கோபமாக எழுத எனக்கு வரவில்லை. ஆனால் அந்த இரண்டு நியாயமும் ஒரே அறையில் ஒருநாள்கூடச் சந்தித்துக்கொள்ளவில்லை. அவற்றுக்கு நடுவே தபால்காரன் வேலை பார்த்தது நான்.

அந்த ஏழு வாரத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்குக் கற்றுத்தருவதற்காக இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு எது பயத்தைத் தந்தது என்று உங்களுக்குத் தெரிவதற்காக.

இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் வால்வு நன்றாகத் திறந்தால் அதன் வாய் 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும். 1 சதுர செ.மீட்டருக்குக் கீழே போய்விட்டால் கடுமையான சுருக்கம். அப்பாவுக்கு 0.7. பத்து படி ஏறினால் நின்றுவிடுவார். மூச்சு வாங்குகிறது என்று சொல்லாமல், சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல நிற்பார். இந்த நிலையில் வால்வை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010-இல் வெளிவந்த பார்ட்னர் ஆய்வில் விடை இருந்தது. திறந்த அறுவையைத் தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களில், மருந்து, பலூனால் வால்வை விரித்துவிடுவது போன்ற வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 50.7 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோனார்கள். கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக வால்வு வைத்துக்கொண்டவர்களில் அது 30.7 சதவீதம். ஆக, வால்வு காத்திருக்காது.

வயிற்றில் ஓடும் பெருந்தமனியின் வழக்கமான அகலம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ. ஆனால் வீக்கம் என்கிறார்கள். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5.0 என்ற அளவை எட்டினால் சரிசெய்வதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். வெடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனை வாசலைக்கூடத் தொடுவதில்லை. ஆக, குழாயும் காத்திருக்காது.

இந்த இடத்தில் என் பழைய வேலை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு குழாயின் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையைக் கணக்குப் போட, உள்ளே இருக்கும் அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் படித்தது. 2 செ.மீ. குழாய் 6 செ.மீ. ஆகிவிட்டால், அழுத்தம் மாறாவிட்டாலும் சுவரின் மேல் இழுப்பு மூன்று மடங்கு. வீங்கிய இடத்தில் சுவர் பெரும்பாலும் மெலிந்தும் நலிந்தும் இருக்கும் என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். இப்போது மேலே அடைத்துக்கொண்டிருக்கும் வால்வைத் திறந்துவிடுகிறீர்கள். அடைப்பு நீங்கினால் கீழ்க்குழாயில் அழுத்தம் ஏறும். வால்வு மாற்றியபிறகு பலருக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வால்வைத் திறந்த நாளுக்கும் குழாயைச் சரிசெய்யும் நாளுக்கும் நடுவில் அந்த வீக்கத்துக்கு என்ன ஆகும்?

இதுதான் என் கேள்வி. மேல் மாடியிலும் கேட்டேன், கீழ் மாடியிலும் கேட்டேன். "பிரஷர் மாத்திரையைச் சரிபண்ணிக்கொள்ளலாம்" என்பதுதான் கிடைத்த பதில். பதில் தப்பு என்று சொல்ல மாட்டேன். ரத்தக்குழாய் இரும்பும் இல்லை. உயிருள்ள சதைக்கு என் சூத்திரம் முழுசாகப் பொருந்தாது. ஆனால் என் குழாய் வெடித்தால் நான் பம்பை நிறுத்திவிட்டு மாற்றுவேன். அப்பாவுக்கு அந்த வசதி இல்லை.

இடையில் இன்னொன்று நடந்தது. அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. வேறொரு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். ஃபைலின் முதல் பக்கத்தில் 'வால்வு சுருக்கம்' என்று மட்டும்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துத்தான் எழுதினார். பெருந்தமனியில் வீக்கம் உள்ளவர்களுக்கு வேறு மருந்து இருக்கும்போது அது சேர்ந்த ஃப்ளூரோகுயினலோன் வகையைத் தர வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. சுவர் கிழியும் ஆபத்தை அது கூட்டலாம் என்பதால். மருந்து வாங்கி வீட்டுக்கு வந்து, இரவு படித்துவிட்டு, காலையில் போய் மாற்றி வாங்கினேன். அந்த டாக்டர் மீது எனக்கு வருத்தமே இல்லை. மூன்றாம் பக்கத்தில் புதைந்த ஒரு வரி அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே முதல் வேண்டுகோள், ஸ்கேன் அறிக்கை எழுதுபவர்களுக்கு. டாவிக்காக எடுக்கும் சி.டி. கழுத்துக்குக் கீழிருந்து தொடை வரை போகிறது. கதீட்டர் போகும் பாதையை அளக்க வேண்டும் என்பதால் பெருந்தமனி முழுவதும் அதில் பதிவாகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே எடுத்த படத்தில் அதில் இருக்கும் வீக்கம் எப்படித் தற்செயல் ஆகும்? பித்தப்பைக் கல் தற்செயல். நீர்க்கட்டி தற்செயல். பெருந்தமனியின் அகலம், மேலெழும் பகுதியில் எவ்வளவு, வளைவில் எவ்வளவு, மார்பில் எவ்வளவு, வயிற்றில் எவ்வளவு என்ற நான்கு எண்கள், வால்வின் அளவுக்குப் பக்கத்திலேயே முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் இருக்க வேண்டும். ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ எடுப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: வயதானவர், அதிலும் புகைபிடித்தவர் படுத்திருக்கும்போது, அதே கருவியை ஒரு நிமிடம் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்துவிட்டால் என்ன? அப்பா நாற்பது வருடம் புகைத்தவர். அவருக்கு ஆறு எக்கோ எடுத்திருக்கிறார்கள்.

சரி, வரலாற்றுக்கு ஒரு நிமிடம் போய்வருகிறேன். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போன பகுதி. பெருந்தமனி வீக்கத்தை உள்ளிருந்தே சரிசெய்யும் வேலையை மார்புப் பகுதியில் 1987-இல் கார்கிவ் நகரத்தில் நிக்கோலாய் வோலோடோஸ் செய்தார். வயிற்றுப் பகுதியில் 1990-இல் புயெனோஸ் ஐரெஸில் ஹுவான் பரோடி செய்தார். ஸ்டென்ட் கிராஃப்ட் என்கிற, துணி போர்த்திய ஒரு கம்பிவலைக் குழாயைச் சுருட்டி, தொடைத் தமனி வழியாக ஏற்றி, வீக்கத்துக்குள் விரித்துவிடுவது. ரத்தம் புதுக் குழாய்க்குள் ஓடும். பழைய சுவரின் மேல் அழுத்தம் விழாது. நாங்களும் மண்ணுக்குள் உளுத்துப்போன குழாயைத் தோண்டாமல் உள்ளே புதுக் குழாயைச் செருகுவோம். படத்தைப் பார்த்ததும் சிரிப்பே வந்துவிட்டது. வால்வின் கதை வேறு. 2002 ஏப்ரலில் பிரான்ஸின் ரூவான் நகரத்தில் ஆலன் கிரிபியே, அறுவைக்கு யாரும் எடுத்துக்கொள்ளாத ஒரு நோயாளிக்குக் கதீட்டர் வழியாக முதன்முதலாக வால்வை வைத்தார். முதல் தடவை அவர் போனது தொடைச் சிரை வழியாக, இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து. தமனி வழி பிறகு வழக்கமானது.

வயிற்றுக்கான குழாயும் இந்த வால்வும் வெவ்வேறு துறையில், வெவ்வேறு கண்டத்தில், பன்னிரண்டு வருட இடைவெளியில் பிறந்த வைத்தியங்கள். ஆனால் இன்று இரண்டுக்கும் வாசல் ஒன்று: தொடை இடுக்கில் இருக்கும் அதே தமனி. இவற்றை உள்ளே ஏற்றுவதற்காகத் தமனிக்குள் வைக்கும் குழாய் போன்ற உறையின் அளவை நீங்கள் 'பிரெஞ்ச்' என்ற அலகில் சொல்கிறீர்கள். மூன்று பிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர். வால்வுக்கு 14 பிரெஞ்சிலிருந்து, ஸ்டென்ட் கிராஃப்டுக்கு அதைவிடத் தடித்தவை வரை, அதே தமனியில்தான் நுழைகின்றன. வாசல் ஒன்றாக இருந்தும் உங்கள் இரண்டு துறைக்கும் நடுவில் இரண்டு மாடி இருக்கிறது.

அப்பாவுக்கு வழி பிறந்தது இன்னொரு மருத்துவமனையில். அங்கே ஓர் இதய டாக்டர் ஃபைலைப் பார்த்தார், மூன்றாம் பக்கத்துக்கு நானே விரல் வைத்துக் காட்டினேன். "இதை நான் மட்டும் முடிவு செய்யக்கூடாது. வியாழக்கிழமை எல்லாரும் உட்காருவோம்" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்க எங்களுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. கூட்டத்துக்குள் எங்களை விடவில்லை, அது சரிதான். ஆனால் முடிந்ததும் அவர் வெளியே வந்து, யார் என்ன சொன்னார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்கு மறக்காது.

ரத்தநாள டாக்டர் சொன்னாராம்: வால்வைத் திறந்துவிட்டு, 5.8 செ.மீ. வீக்கத்தோடு இவரை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ஒரே அமர்வில் முடிப்போம். சிறுநீரக டாக்டர் மறுத்திருக்கிறார்: ஒரே நாளில் இரண்டு வேலைக்கும் சேர்த்துச் படத்தில் ரத்தக்குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் சாயத்தை இவருடைய சிறுநீரகம் தாங்குமா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்கனவே எல்லையில் இருக்கிறது. மயக்க மருந்து டாக்டர், இரண்டு முறை படுக்கவைப்பதைவிட ஒருமுறை நல்லது, முழு மயக்கம் வேண்டாம், இடத்தை மரத்துப்போகச் செய்து லேசான தூக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். வீக்கத்தின் உட்சுவரில் ரத்தக்கட்டி படிந்திருக்கிறது, வால்வை ஏற்றும்போது கம்பி அதை உரசினால் துணுக்குகள் காலுக்கோ சிறுநீரகத்துக்கோ போய் அடைக்கும், ஆகவே நீளமான உறையை அந்தப் பகுதியைத் தாண்டி வைத்துவிட்டு அதற்குள்ளேயே போக வேண்டும் என்பது இதய டாக்டர் பங்கு. முதலில் வீக்கத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் வால்வைச் செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம், ஆனால் அடைத்த வால்வோடு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் தூக்கி நிறுத்துவது கஷ்டம், தவிர புதிதாக வைத்த ஸ்டென்ட் கிராஃப்ட் வழியாக மறுபடி ஒரு தடித்த உறையை நுழைக்க வேண்டிவரும் என்று பதில் வந்திருக்கிறது.

கடைசியில் எடுத்த முடிவு: ஒரே அமர்வு, முதலில் வால்வு. வால்வு வைத்தபிறகு கொஞ்சம் நின்று பார்ப்பது. ஓரத்தில் கசிவு இல்லை, துடிப்பு சீராக இருக்கிறது, சாயத்தின் அளவு குறித்துவைத்த எல்லைக்குள் இருக்கிறது என்றால் வயிற்றுக்குப் போவது. ஒன்று சரியில்லை என்றாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டு, ஐ.சி.யுவில் வைத்து, சில நாள் கழித்து அடுத்ததைச் செய்வது. எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்களே, அதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. பெரிய மோட்டாரை ஓட்டிப்பார்க்கும் நாளில் நாங்களும் அப்படித்தான் எழுதிவைப்போம்: இந்த எண் தாண்டினால், யார் சொன்னாலும் நிறுத்து.

வால்வை விரிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு இதயத்தை நிமிடத்துக்கு 180 தடவை துடிக்கவைத்தார்கள். அவ்வளவு வேகத்தில் ரத்தம் வெளியேறாது, அழுத்தம் இறங்கிவிடும், வால்வு நழுவாது. அப்புறம் நின்று பார்த்தார்கள். பிறகு வயிற்றுக்குப் போனார்கள். உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை மூன்றே முக்கால் மணி நேரம். தொடைக்கு ஒன்றாக இரண்டு சிறிய கட்டு. மறுநாள் மாலை அப்பா எழுந்து நின்றார்.

இதை எழுதும்போதே எனக்கு ஒரு பயம் வருகிறது. படிப்பவர்கள், ஒரே நாளில் செய்வதுதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்வதா பிரித்துச் செய்வதா என்பதைப் பற்றி வந்திருப்பவை பெரும்பாலும் சில நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகளும் சிறு தொகுப்புகளும்தான். ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று நிறுவ அவை போதாது. சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் அப்பாவுக்கே பிரித்துத்தான் செய்திருப்பார்கள். நான் கேட்பது ஒரே அமர்வை இல்லை. ஒரே மேசையை. முதல் துளை போடுவதற்கு முன்பு, இரண்டு நோயையும் சேர்த்துப் பார்த்து, எது முதலில், ஏன், எத்தனை நாளில் அடுத்தது, நடுவில் என்ன ஆனால் என்ன செய்வது என்ற நான்கு விஷயத்தையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளின் நகல் எங்கள் கையிலும் இருக்க வேண்டும்.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. வால்வு சிகிச்சைக்கு இதயக் குழு வேண்டும் என்று உங்கள் வழிகாட்டுதல்கள் பல வருடமாகச் சொல்கின்றன. 2022-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் பெருந்தமனி நோய்க்கும் பல்துறைக் குழு வேண்டும் என்கிறது. 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்க அறுவை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டுதலோ பெருந்தமனியை ஒரு தனி உறுப்பு என்றே அழைக்கிறது, வால்வில் தொடங்கி இடுப்பு வரை ஓர் உறுப்பு. அந்த உறுப்பின் ஒரு முனை ஐந்தாம் மாடியிலும் மறுமுனை மூன்றாம் மாடியிலும் இருந்தால் நாங்கள் எங்கே போய் நிற்பது?

இன்னொன்று. 'சின்னத் துளைதான்' என்று சொல்லாதீர்கள். எல்லா டாக்டரும் அன்போடுதான் சொன்னார்கள். எங்கள் பயத்தைப் போக்கத்தான் சொன்னார்கள். ஆனால் துளை சிறியது என்றால் வேலை சிறியது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வால்வுக்கு ஒட்டியபடியே இதயத்தின் மின்கம்பி ஓடுகிறது. புது வால்வு அதை அழுத்தினால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும், அது அபூர்வமும் இல்லை. பக்கவாதம் வரலாம். வீக்கம் மார்புப் பகுதியில் இருந்து அங்கே நீளமான ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தால், தண்டுவடத்துக்குப் போகும் சிறு கிளைகள் மூடிப்போய்க் கால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. வயிற்றில் வைத்த ஸ்டென்ட் கிராஃப்டைச் சுற்றிக் கசிவு வரலாம். அதற்காக ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முதல் மாத ஸ்கேனில் ஒரு சின்னக் கசிவு இருந்தது. ஒரு கிளைத் தமனியிலிருந்து பின்னோக்கி வருகிறது, வீக்கம் பெரிதாகாதவரை விட்டுவைக்கலாம் என்றார்கள். அது வழக்கம்தான் என்றும் சொன்னார்கள். வழக்கம் என்றால் முன்பே சொல்லியிருக்கலாம். அந்த இரவு நாங்கள் பட்ட பாடு மிச்சமாகியிருக்கும்.

இங்கிலாந்தில் 1999-இல் தொடங்கிய ஈவார்-1 ஆய்வு எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது. வயிற்று வீக்கத்துக்குத் துளை வழியாகச் செய்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 1.8 சதவீதம்; வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 4.3 சதவீதம். அதோடு படிப்பதை நிறுத்தியிருந்தால் சந்தோஷமாகத் தூங்கியிருப்பேன். ஆனால் எட்டு வருடத்துக்குப் பிறகு கணக்கு திரும்பிவிடுகிறது: துளை வழி செய்தவர்களில்தான் வீக்கம் தொடர்பான சாவு அதிகம், காரணம் பிற்பாடு வரும் வெடிப்புகள். 81 வயதுக்காரருக்கு முதல் எண் முக்கியம். 60 வயதுக்காரருக்கு இரண்டாவது. இந்த வித்தியாசத்தை எங்களிடம் சொல்லலாம், புரியும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர் இருக்கிறார், 46 வயது. அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கும் அதே மாதிரித் தொடை வழியாகவே செய்யச் சொல்லப்போகிறேன்" என்று கிளம்பினார். அவருடைய வால்வில் மூன்று இதழுக்குப் பதில் பிறவியிலேயே இரண்டு. நூற்றில் ஒருவர் இருவருக்கு இப்படி அமைகிறது. வால்வு கெடுவதோடு, அதற்கு நேர் மேலே எழும் பெருந்தமனியும் பலருக்கு அகன்றுவிடும். அவருக்கு 5.2 செ.மீ. அறுவை டாக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். நண்பர் மனம் உடைந்துபோய் எனக்குப் போன் செய்தார்.

அந்த டாக்டர் செய்தது எவ்வளவு நேர்மையான வேலை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. மேலெழும் பெருந்தமனி குட்டையானது, வளைந்தது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுவது. அதன் அடியில் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு தமனிகள் கிளைக்கின்றன. மேல் முனையில் மூளைக்குப் போகும் கிளைகள். வயிற்றில் செய்வதுபோல ஒரு குழாயைச் செருகினால் எதையாவது மூடிவிடும். வால்வையும் அந்தக் குழாயையும் சேர்த்துக் கதீட்டர் வழியாகவே வைக்கச் சிலர் முயன்றிருக்கிறார்கள். இன்னும் அது சோதனைக் கட்டம்தான். டாவி மட்டும் செய்தால் வால்வு மாறும், அகன்ற குழாய் அப்படியே நிற்கும். ஆகவே அவருக்கு 1968-இல் பென்டாலும் டி போனோவும் எழுதிவைத்த அறுவையின் இன்றைய வடிவத்தையே செய்தார்கள்: வால்வு பொருத்திய செயற்கைக் குழாயை வைத்து, இதயத் தமனிகளை அதில் பிடுங்கி நடுவது. ஆனால் நெஞ்செலும்பை முழுக்கப் பிளக்கவில்லை. மேல் பாதியை மட்டும் திறந்து, ஏழெட்டு செ.மீ. வெட்டுக்குள் முடித்தார்கள். இதுவும் குறைந்த காயத்தில் செய்த சிகிச்சைதான். இதயத்தை நிறுத்தி, இயந்திரத்தில் ஓட்டிச் செய்தது என்பதால் சின்ன வேலை இல்லை. வாழ்நாள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை அவர் சாப்பிட வேண்டும். அவருடைய தங்கைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். தங்கைக்கும் இரண்டு இதழ்தான். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு எப்போது தெரிந்திருக்கும்?

நோயாளி கேட்டதைச் செய்துகொடுப்பது சுலபம். முடியாது என்று சொல்லி, ஏன் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கிய அந்த டாக்டரை நான் பார்த்ததில்லை. இந்த மடல் அவர் கையிலும் கிடைக்கட்டும்.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்பியபிறகு நடப்பது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வால்வுக்கு ஒரு பக்கம், ஸ்டென்ட் கிராஃப்டுக்கு ஒரு பக்கம். பல் பிடுங்கினால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று வால்வுப் பக்கத்தில் இருக்கிறது. எந்த ஆன்டிபயாடிக் கூடாது என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. நானே சிவப்புப் பேனாவில் எழுதிவைத்தேன். ரத்த அழுத்தம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் இரண்டு எண்கள். அத்தனை நன்றாகக் கூடிப் பேசிய குழுவே, ஆள் வீட்டுக்குப் போனதும் மறுபடி இரண்டாகப் பிரிந்துவிட்டது. சேர்ந்து முடிவெடுத்தவர்கள் சேர்ந்தே பின்தொடர வேண்டும் என்பதையும் அந்த ஒற்றைத் தாளில் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இவருக்குப் பொறுப்பு யார், எந்த எண்ணில் கூப்பிடுவது.

அடுத்த மாதம் அப்பாவுக்கு ஒரு வருட ஸ்கேன். இரண்டு துறையிலிருந்தும் சீட்டு வந்திருக்கிறது, ஒன்பது நாள் இடைவெளியில். வால்வுக்கு எக்கோ போதும் என்றும், சி.டி. ஒன்று எடுத்தால் அதிலேயே மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஓரளவு புரிகிறது. அவருடைய சிறுநீரகத்துக்குச் சாயம் ஒரு தடவை போனால் போதும். ஒரே நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு இரண்டு இடத்துக்கும் எழுதியிருக்கிறேன். அப்பா தினமும் மாடியிலிருந்து இறங்கிவந்து, பதில் வந்துவிட்டதா என்று கேட்கிறார். இப்போதெல்லாம் பாதிப் படியில் நிற்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு மகன்